அவர் முகத்தில் என் பெயர்

என் படங்களைத் திருடியவனை நான் நேரில் கண்டதே இல்லை. கண்டால் என்ன செய்வேன் என்று மட்டும் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். அவன் இருப்பது கனடாவில். தீவை விட்டுப் போய் முப்பது வருடத்துக்கு மேல். அங்கே தன் வீட்டில் குந்திக்கொண்டு எங்கள் தீவுகளின் பெயரில் இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறான். கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கலியாணம், செத்தவீடு எல்லாம் அதில் வரும். ஊரில் ஒரு கோழி முட்டையிட்டாலும் முதலில் அந்தப் பக்கத்தில்தான் வரும் என்று சனம் பகிடியாகச் சொல்லும். முட்டையைப் படமெடுத்தவள் நானாக இருப்பேன். அதை எவரும் சொல்வதில்லை.

ஊர்காவற்றுறையில் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் என் கடை இருக்கிறது. போட்டோப்பிரதி, லமினேற்றிங், அடையாள அட்டைக்குப் படம் என்று அன்றாட வேலை ஓடும். ஆனால் இதுவல்ல என் தொழில் என்பதில் எனக்கு எப்போதும் பிடிவாதம். கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு வள்ளமேறி அனலைதீவுக்கும் நயினாதீவுக்கும் போய், கொளுத்தும் வெயிலில் தேருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து படமெடுப்பதுதான் என் தொழில். முதல் வருடம் ஒரு பெண் இப்படி நடப்பதை எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். கோயில் சபைக்காரர் ஒருவர், இவளுக்கு வீட்டில் வேலையில்லையோ என்று என் காதுபடவே கேட்டார். அடுத்த வருடம் அவரே பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு கமராவுக்கு முன்னால் வந்து சிரித்தார். படமெடுத்துக் கொடுத்தேன். இன்றுவரை மன்னிக்கவில்லை.

முதல் திருட்டு கரம்பொன்னில் எடுத்த ஒரு தேர்ப்படம். வடம் இழுக்கிறவர்களின் கால்களிலிருந்து எழும்பிய புழுதிக்குள்ளால் தேர் வருகிற மாதிரி விழுந்திருந்தது. அதற்காக நான் மதிலொன்றில் ஏறி நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். என் கடையின் இணையப் பக்கத்தில் காலையில் போட்டேன். மதியம் அவனுடைய பக்கத்தில் அது நின்றது. கீழே நூற்றுக்கணக்கில் புகழ்ச்சி. ஊருக்கே போய் வந்த மாதிரி இருக்கு அண்ணை, நீங்கள் செய்கிற சேவைக்கு ஈடில்லை அண்ணை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் கைகூப்பிக்கொண்டிருந்தான். இது என்னுடைய படம் என்று நானும் கீழே எழுதினேன். “ஊர்ப் படம் ஊருக்குத்தானே, தங்கச்சி” என்று பதில் போட்டான். கொஞ்ச நேரத்தில் நான் எழுதியதையும் அழித்து, தான் எழுதியதையும் அழித்துவிட்டான்.

ஊர்ப் படமாம். மதிலில் ஊரா ஏறி நின்றது?

அன்றே படத்தின் கீழ் மூலையில் கடையின் பெயரையும் என் பெயரையும் போடத் தொடங்கினேன். சின்னதாக, வெள்ளையில், அடக்கமாகத்தான் போட்டேன். அவன் கீழ்ப்பக்கத்தை அப்படியே வெட்டிவிட்டுப் போட்டான். அந்த வருடத்துத் தேர்களுக்கெல்லாம் உருளச் சில்லு இல்லை. சில்லில்லாத தேரைப் பார்த்தும் அருமை அண்ணை என்றுதான் எழுதினார்கள். அதைப் பார்த்து எனக்கு வயிறு பற்றியெரிந்தது. பெயர் போனதற்கு எரிந்ததா, சில்லுப் போனதற்கு எரிந்ததா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

வெட்டிப்போட முடியாத இடம் படத்தின் நடு. நடுவில் எழுதினால் படம் பாழாகும். இதற்கு வழி உண்டென்று ஒரு காணொளியில் கண்டுபிடித்தேன். படத்துக்கு மேல் கண்ணாடித்தாள் வைத்த மாதிரி இன்னொரு படலத்தைத் திறந்து, அதில் பெயரைப் பெரிதாக எழுதி, சரித்து வைத்து, எழுத்தின் அடர்த்தியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நூறில் வைத்தால் சுவரில் வெள்ளையடித்ததுபோல் இருக்கும். பத்துக்கு இறக்கினால் எழுதியவளுக்கே தெரியாது. நான் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, முப்பதுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினேன். எழுத்துக்குள்ளால் படம் தெரிந்தது, படத்துக்கு மேலே என் பெயரும் தெரிந்தது. இப்போது வெட்டடா பார்ப்போம் என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். கடையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு ஆசிரியை திரும்பிப் பார்த்தார்.

அவன் வெட்ட முன்னரே கோயில் சபை வந்துவிட்டது. அம்மன் தேரிலிருக்கும் படத்தில் என் பெயர் சாத்துப்படிக்குக் குறுக்கே ஓடியிருந்தது. வெளிநாடுகளில் இருக்கிறவர்கள் இந்தப் படங்களைப் பெரிதாக அச்சடித்துச் சாமியறையில் வைத்துக் கும்பிடுகிறார்கள். லண்டனில் ஒரு குடும்பம் என் பெயருக்குக் கற்பூரம் காட்டிவிட்டுப் பிறகுதான் கவனித்திருக்கிறது. செயலாளர் கடைக்கே வந்து, அம்மாளுக்கு மேலே எழுத உமக்கு எவ்வளவு துணிவு என்று கத்தினார். நானும் கத்தினேன். ஆனால் வீட்டுக்குப் போனபிறகு எனக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அடுத்த நாளே என் வேலைமுறையை மாற்றினேன். சாமி நிற்கிற இடத்தை எப்போதும் வெறுமையாக விட்டு, எழுத்தைக் கீழே இறக்கினேன். அங்கே வடம் பிடிக்கிறவர்கள், காவடிக்காரர், பிள்ளைகளைத் தூக்கி வைத்திருக்கிறவர்கள் நிற்பார்கள். அவர்களுக்கு மேலே என் பெயர் ஓடியது. சபையிலிருந்து பிறகு ஒருவரும் வரவில்லை.

கனடாக்காரன் சும்மா இருப்பானா? அதற்குள் வேண்டாததை அழித்துத் தருகிற செயலிகள் வந்துவிட்டன. எழுத்துக்கு மேல் விரலால் தேய்த்தால் போதும். எழுத்து போய்விடும். அதன் கீழே என்ன இருந்திருக்கும் என்று செயலி தானாக ஊகித்து நிரப்பிவிடும். அவன் ஒரு வருடத்துத் திருவிழா முழுவதையும் அப்படியே தேய்த்து எடுத்தான். பெயர் போன இடமெல்லாம் சனத்தின் முகங்கள் மாப்பூசியதுபோல் வழுவழுவென்று இருந்தன. போதாக்குறைக்குத் தன் பக்கத்தின் பெயரை ஓரத்தில் பளிச்சென்று போட்டிருந்தான். நான் நீளமாக ஒரு செய்தி எழுதினேன். அதில் நான் பாவித்த சொற்களை இங்கே எழுத மாட்டேன். எழுதியதற்காக வருந்தவும் இல்லை.

அடுத்த ஆடியில் அனலைதீவுத் தேர். அறுநூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். அதில் நல்லதாக ஒரு இருபதை, வழமைபோல் ஒற்றை வரிசையில் பெயர் போட்டு வெளியிட்டேன். ஒரு கிழமைக்குள் இருபதும் தேய்க்கப்பட்டு அவன் பக்கத்தில் நின்றன. அன்று காலை நான் கடையைப் பாதிதான் திறந்தேன். மீதிக் கதவைத் திறக்கப் பொறுமையில்லை. கணினிக்கு முன்னால் இருந்து, ஒன்றல்ல, பத்து வரிசையில் என் பெயரும் கடையின் பெயரும் ஓடுகிற மாதிரி ஒரு படலம் செய்தேன். எழுத்துக்கு ஓரம் கொடுத்தேன். நிழல் கொடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் விழும்படி செய்தேன். தேய்த்தால் படமே மிஞ்சக்கூடாது என்பதுதான் நோக்கம். அம்மன் வருகிற படங்களில் அம்மனுக்கு மட்டும் இடம் விட்டேன். பிறகு அந்தக் கோப்புறை முழுவதற்கும் ஒரே தடவையில் போடச் சொல்லி, இணையத்துக்கு ஏற்றபடி படத்தைச் சிறிதாக்கவும் சொல்லிக் கட்டளை கொடுத்தேன்.

மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது. எங்கே சேமிக்க வேண்டும், வேறு இடத்திலா, அதே இடத்திலா? நான் அதே இடம் என்று அழுத்தினேன். அது நான் வெளியிடுவதற்காகப் பிரதி எடுத்து வைத்த கோப்புறை என்று நினைத்தேன். அது மூலப் படங்கள் இருந்த கோப்புறை. பிரதி நான் எடுத்திருக்கவே இல்லை. எடுக்கத்தான் நினைத்திருந்தேன், அந்தக் காலைக் கோபத்தில் எடுத்ததாகவே நம்பிவிட்டேன்.

இதில் கேவலம் என்னவென்றால், அது எனக்கு மாதக்கணக்கில் தெரியாது. கோப்புறையைத் திறந்தால் படங்கள் தபால் முத்திரை அளவில் வரிசையாக நிற்கும். அந்த அளவில் மங்கலான எழுத்துத் தெரியாது. எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தன. கமராவின் நினைவட்டையை ஆவணியில் ஒரு கலியாணத்துக்காக வெறுமையாக்கினேன். கனடாக்காரன் புதிதாக ஒன்றையும் எடுக்காததால், வென்றுவிட்டேன் என்று இருந்தேன்.

மாரி முடிந்து கடல் அடங்கியிருந்த ஒரு நாள், அனலைதீவிலிருந்து இரண்டு ஆண்கள் போட்டோப்பிரதி எடுக்க வந்தார்கள். ஒரு அடையாள அட்டை, வைத்தியரின் கடிதம், இன்னும் ஏதோ தாள்கள். தொழிலுக்குப் போன ஒருவர் வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் விழுந்துவிட்டாராம். கூட நின்றவர்கள் தூக்கி, படகை ஊர்காவற்றுறைக்கு விட்டிருக்கிறார்கள். கரை வருவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. நான் அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் கண்ணாடியில் வைத்துப் பிரதி எடுத்தேன். முகத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை.

பத்து நாள் கழித்து அவருடைய மனைவி வந்தாள். மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும் என்றாள். வெளியூரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கல்வெட்டு என்பது கல்லில் வெட்டுவது அல்ல. இறந்தவரின் படத்தை அட்டையில் போட்டு, உள்ளே தேவாரமும் அவரைப் பற்றிய நாலு வார்த்தையும் வந்தவர்களுக்கு நன்றியும் அச்சடித்து, அந்தியேட்டிக் கிரியை முடிந்து வீட்டில் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற புத்தகம். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் ஒரு அடுக்கு இருக்கும்.

எந்தப் படம் என்று கேட்டேன். அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. போன ஆடியில் தேரன்று, பிள்ளை அவர் தோளில் இருக்க, அவர் வடத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். இணையத்தில் பார்த்துவிட்டு ஒன்று அச்சடித்துத் தரும்படி அவரைக் கேட்டிருக்கிறாள். அடுத்த திருவிழாவுக்கு அந்தப் போட்டோக்கார அக்காவிடம் கேட்போம் என்று அவர் சொன்னாராம். வேறு படம் இல்லையா என்று கேட்டேன். அவருடைய போன் அவரோடு கடலுக்குள் போய்விட்டது. அடையாள அட்டைப் படம் பொலிஸ் பிடித்து எடுத்த மாதிரி இருக்கிறது. கலியாண அல்பத்தில் அவர் பவுடரைப் பூசிக்கொண்டு வாயை இறுக மூடியபடி நிற்கிறார். “சிரிச்ச படமெண்டு அந்த ஒண்டுதான் அக்கா இருக்கு” என்றாள்.

கதிரையைத் திருப்பி அவளை அருகில் இருத்தி, கோப்புறையைத் திறந்தேன். சின்னச் சின்னப் படங்களுக்குள் அவள் என்னை முந்திக் கண்டுபிடித்தாள். விரலைத் திரையில் வைத்தாள். மேலே தேரில் அம்மன், கீழே வடத்தைத் தோளில் போட்டபடி அவர், அவருடைய தலைமயிரைப் பிடித்துக்கொண்டு பிள்ளை. சரியான வெளிச்சம். எடுத்தபோதே நல்ல படம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பெரிதாக்கினேன்.

என் பெயர் பத்து வரிசையில் விரிந்தது.

ஒரு வரிசை அவருடைய நெற்றியில் ஓடியது. அடுத்தது இடது கண்ணில் தொடங்கி, கன்னத்தால் இறங்கி, வாயைத் தாண்டிப் போனது. அவள் பதறவில்லை. கடைக்காரர் விற்க முன்னர் இப்படித்தான் வைத்திருப்பார்கள் என்று எண்ணியிருப்பாள். “உந்த எழுத்தை எடுத்துப்போட்டுத் தருவீங்கள்தானே” என்று கேட்டாள். ஓம் என்றேன். அப்போது எனக்கே விடயம் முழுதாக விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டு, இருக்கிற வன்தட்டுகள் எல்லாவற்றையும் திறந்தேன். பக்கத்துப் படத்தைத் திறந்தேன், அதற்கடுத்ததைத் திறந்தேன். அறுநூறிலும் நான் இருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் அழிந்த கோப்புகளை மீட்டுக் கொடுக்கிற ஒருவரிடம் தட்டைக் கொண்டுபோனேன். அரை நாள் பார்த்தார். அழித்ததென்றால் தேடி எடுக்கலாம், நீங்கள் இதற்கு மேலேயே எழுதியிருக்கிறீர்கள், ஏலாது என்று கையைக் கழுவிக்கொண்டார். பிறகு நானே திருத்த இருந்தேன். பழைய படங்களைத் திருத்துவதில் எனக்கு நல்ல பெயர். கறையான் தின்ற முகங்களுக்கு மூக்குப் போட்டிருக்கிறேன், இல்லாத காதை இருக்கிற காதைத் திருப்பி வைத்துச் சமாளித்திருக்கிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்தத் திருத்தமெல்லாம் எவ்வளவு பொய் என்று இரண்டு நாளில் விளங்கியது. கன்னத்திலிருந்து தோலை எடுத்து நெற்றியில் ஒட்டினேன். வலது கண்ணைத் திருப்பி இடது கண்ணுக்கு வைத்தேன். எழுத்து போய்விட்டது. எழுத்தோடு அவரும் போய்விட்டார். திரையில் நின்றது அவருடைய சகோதரன் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

வியாழன் காலை கனடாக்காரனுக்குப் போன் எடுத்தேன். அதற்கு முன்னால் கடையைச் சுற்றி மூன்று தரம் நடந்தேன். ஒற்றை வரிசையில் பெயர் போட்டு நான் முதலில் வெளியிட்ட இருபதில் இந்தப் படமும் ஒன்று. பத்து வரிசைப் படங்களைப் போட்டபோதே அந்த இருபதையும் நான் அழித்துவிட்டேன், ஆனால் அவன் தேய்த்தெடுத்த பிரதி அவனிடம் இருக்கும். நான் இன்னார் என்றதும், வழக்குப் போடப் போகிறீரோ என்றுதான் முதலில் கேட்டான். விடயத்தைச் சொன்னேன். அவன் சிரித்த மாதிரித்தான் எனக்குக் கேட்டது.

“பாத்தீரே தங்கச்சி, நான் எடுத்து வைச்சிராட்டி அதுவும் இல்லை” என்றான்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஓம் என்றேன். அந்த ஓமுக்காக இன்றைக்கும் அவனை வெறுக்கிறேன். ஐந்து நிமிடத்தில் படம் வந்தது. கூடவே ஒரு குறிப்பும் வந்தது. கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் பட உதவி என்று தன் பக்கத்தின் பெயரைப் போட வேண்டுமாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் திருத்தியதைவிட நன்றாக இருந்தது. கண் இரண்டும் ஒழுங்காக இருந்தன, வாய் சிரித்தது. அடித்து வைத்தேன். என்னுடையதையும் பக்கத்தில் அடித்து வைத்தேன். ஏன் வைத்தேன் என்றால், அவள் என்னுடையதை எடுக்க மாட்டாளா என்ற நப்பாசை. அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் நினைப்பு.

வெள்ளிக்கிழமை அவள் முதல் படகிலேயே வந்துவிட்டாள். இரண்டு படத்தையும் மேசையில் வைத்தேன். என்னுடையதைப் பார்த்து, இது ஆர் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். மற்றதைக் கையில் எடுத்து வாசலடிக்கு, வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். அங்கேயே நெடுநேரம் நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்து, பிள்ளைக்கு ஒரு பேனையைக் கொடுத்துப் பராக்காட்டினேன்.

திரும்பி வந்து படத்தை மேசையில் வைத்தாள். “இந்தப் பல்லு அவரின்ரை இல்லை” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவருக்கு முன்பல் ஒன்று பாதிதான் என்று அவள் சொன்னாள். பத்தொன்பது வயதில் நங்கூரம் தட்டி உடைந்தது. அந்த வெட்கத்தில் கமராவைக் கண்டால் வாயை மூடிவிடுவாராம். கலியாணத்தன்றும் மூடிக்கொண்டுதான் நின்றாராம். தேரன்று பிள்ளை தலைமயிரைப் பிடித்து இழுத்ததில் தன்னை மறந்து சிரித்திருக்கிறார். நான் அந்த நொடியில் எடுத்துவிட்டேன். எழுத்தைத் தேய்த்த செயலி அந்த ஓட்டையைக் கண்டு, மனிதருக்குப் பல் இருக்கத்தானே வேண்டும் என்று ஒரு முழுப் பல்லை நட்டுவிட்டது. “கடலுக்குப் போற மனிசனுக்கு ஆர் பல்லுக் கட்டிவிட்டது?” என்று அவள் கேட்டாள்.

அன்றைக்குப் பார்த்த படத்தைத் திரும்பக் காட்டச் சொன்னாள். காட்டினேன். இன்னும் பெரிதாக்கச் சொன்னாள். என் பெயரின் எழுத்தொன்று அவருடைய வாய்க்கு மேலே கிடந்தது. அதற்குள்ளால் பார்த்தால், மங்கலாக, கறுப்பாக, உடைந்த பல்லின் இடைவெளி தெரிந்தது. நான் அடர்த்தியை முப்பதுக்குக் கீழே வைத்ததால் தெரிந்தது. அவள் திரைக்கு நன்றாகக் கிட்டே வந்து பார்த்தாள்.

“இவர்தான்” என்றாள்.

எழுத்தில்லாத படம் என்னிடம் இல்லை என்று அப்போதுதான் சொன்னேன். சொல்லத் தொடங்கியபின் நிறுத்தத் தெரியவில்லை. கனடாக்காரனைப் பற்றிச் சொன்னேன், வெட்டிய தேர்களைப் பற்றி, தேய்த்த முகங்களைப் பற்றி, மதிலில் ஏறி முழங்கால் தேய்ந்தது வரை சொன்னேன். வருடக்கணக்காக என் படத்துக்கு இன்னொருத்தன் கும்பிடு வாங்கினால் உமக்கு எப்படி இருக்கும் என்று அவளிடமே கேட்டேன். புருஷனைப் பறிகொடுத்து இருபது நாள் ஆகாதவளிடம் நான் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தாள். நான் முடித்ததும் விரலைத் திரையின் மேல்பக்கத்தில், தேரில், அம்மனுக்கு நேரே வைத்தாள்.

“அம்மாளில எழுதேல்லை.”

சபைக்காரர் வந்து சண்டை பிடித்ததைச் சொன்னேன். சாமியில் எழுதக்கூடாது என்றார்கள், அதனால் கீழே இறக்கினேன் என்றேன்.

“அப்ப முகத்தில எழுதக்கூடாதெண்டு உங்களுக்குத் தெரியும்.”

அன்று வந்ததிலிருந்து அவள் வாயில் அக்கா வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவளில்தான் வந்தது. வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தில் பெரிய இடத்தில் கொடுத்து இன்னும் நன்றாகத் திருத்துவிக்கலாம், பல்லையும் பாதியாக்கலாம், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது என்றேன். எனக்குத் தெரியும் என்றாள். பிள்ளையின் கையிலிருந்த பேனையை வாங்கி மேசையில் வைத்தாள்.

“அப்பிடியே அடியுங்கோ. உங்கட பேரை எடுக்க வேண்டாம். ஆர் செய்ததெண்டு சனம் பாக்கட்டும்.”

அட்டையில் படத்தைத் தவிர வேறொன்றும் வரக்கூடாது என்றும் சொன்னாள். அவருடைய பெயர், பிறந்த இடம், தேவாரம், நன்றி எல்லாம் உள்ளே வரட்டும் என்றாள். பட உதவியைப் பற்றி நான் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகுக்குப் போய்விட்டாள்.

அச்சகத்தில் படத்தைப் பார்த்தவர், மாறி அனுப்பிவிட்டீர்களோ, இதில் வாட்டர்மார்க் கிடக்கிறது என்று போன் எடுத்துக் கேட்டார். தெரியும், அப்படியே அடியுங்கள் என்றேன். செத்தவருடைய முகத்தில் ஆரும் விளம்பரம் போடுவார்களோ என்று கேட்டார். அவரோடும் சண்டை பிடித்தேன்.

முப்பத்தோராம் நாள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு நானே அனலைதீவுக்குப் போனேன். இன்னொருவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். கோழை என்று அவள் நினைக்கக்கூடாது என்ற வீம்பில் போனேன். வீட்டு முற்றத்தில் பந்தலுக்குள் சனம் இருந்தது. என்னை ஓரத்தில் ஒரு கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார்கள். கல்வெட்டை இளந்தாரிகள் கொடுக்கிறதுதான் வழக்கம். அவள் ஒருவரிடமும் விடாமல், கட்டைப் பிரித்துத் தானே ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். வாங்கியவர்கள் அட்டையைப் பார்த்தார்கள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சம் தூரப் பிடித்துப் பார்த்தார்கள், பிறகு என் பக்கம் திரும்பினார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், என்னிடம் நிறையப் பதில் இருந்தது. என் கடைக்கு வந்து கத்திய கோயில் செயலாளரும் வந்திருந்தார். அவர் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார்.

கடைசியில் என்னிடம் வந்தாள். வந்தவர்களுக்குக் கொடுப்பதுபோலவே இரண்டு கையாலும் நீட்டினாள். நானும் எழும்பி இரண்டு கையாலும் வாங்கினேன்.

“வாசியுங்கோ” என்றாள்.

அட்டையில் வாசிக்க என் பெயரைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அவள் நகராமல் முன்னாலேயே நின்றாள். நெற்றியிலிருந்து தொடங்கி, கண்ணுக்கு மேலால், வாயைத் தாண்டி, வரிசை வரிசையாகக் கடைசி வரை வாசித்தேன்.